தமிழ்த் தாத்தாவும் ஒரு பழஞ்சொல்லும்

எறி என்னும் சொல்லை அறியாத தமிழர் யார்? கல்லை எறிகிறோம், பந்தை எறிகிறோம், வேண்டாத தாளைக் கசக்கி எறிகிறோம். கையில் உள்ளதைத் தொலைவில் விழும்படி வீசுவதே எறிதல் என்று நாம் கொண்டிருக்கிறோம். ஆனால் ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்கு முன்னே சீவக சிந்தாமணியைப் பாடிய திருத்தக்கதேவர், ஆடு மேய்க்கும் இடையன் எறிந்துவிட்ட மரம் ஒன்றை ஓரிடத்தில் உவமையாகக் கூறுகிறார். வேரூன்றி நிற்கும் மரத்தை ஓர் இடையன் எவ்வாறு எறிவான்? எறிந்தால் அது எங்கே போய் விழும்? அப்படிப்பட்ட ஒன்றைப் புலவர் உவமையாகச் சொல்வானேன்?

இந்தக் கேள்வி, சிந்தாமணியை முதன்முதலில் முழுமையாக அச்சேற்றிய பெருமகனாரையே தயங்க வைத்தது. அவர்தாம் டாக்டர் உ. வே. சாமிநாதையர். தமிழ்த் தாத்தா என்று நாம் அன்போடு அழைக்கும் அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம், செல்லரித்த ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர் என்றே சொல்லி முடித்துவிடுகிறோம். அது உண்மைதான். ஆனால் உண்மையில் பாதி. ஏட்டைத் தேடியது போலவே, அந்த ஏட்டில் உள்ள சொல் எந்த மனிதரின் வாயில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்றும் அவர் தேடினார். அந்த மற்றொரு பாதியைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஐயர் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் பிறந்தார். தஞ்சைச் சீமையில் உள்ள உத்தமதானபுரம் அவர்களுடைய குடும்பத்தின் ஊர். அவருடைய பெயரின் முதலெழுத்தாகிய ‘உ’ அந்த ஊரைக் குறிப்பது. ‘வே’ தந்தையார் வேங்கட சுப்பையரைக் குறிப்பது. தந்தையார் இசையில் வல்லவர்; செல்வத்தில் வல்லவர் அல்லர். இராமாயணக் கதை சொல்லியும் பாடியும் கிடைத்ததைக் கொண்டு குடும்பம் நடந்தது. மைந்தனுக்கோ தமிழின்மேல் தணியாத பசி. நல்ல தமிழாசிரியர் எந்த ஊரில் இருக்கிறார் என்று கேட்டு, அந்த ஊருக்குக் குடும்பமே பெயர்ந்து செல்லும். அரியலூர், குன்னம், செங்கணம் என்று அவருடைய இளமை பல ஊர்களில் கழிந்தது. ஒரே ஊரில் ஒரே திண்ணையில் படித்த பிள்ளையாக அவர் வளரவில்லை. பல ஊர்ப் பேச்சும் பல தொழிலாளர் பேச்சும் அவர் காதில் விழுந்தன. பிற்காலத்தில் இது எவ்வளவு பெரிய முதலாக அவருக்குப் பயன்பட்டது என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

17-ஆம் வயதில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அடைந்தார். பிள்ளையவர்கள் 1876-ஆம் ஆண்டு மறையும் வரையில் அவரை நிழல்போல் பிரியாமல் இருந்து பாடம் கேட்டார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், தலபுராணங்கள் என்று எத்தனையோ நூல்கள்! குருநாதர் மறைந்தபின் திருவாவடுதுறை மடத்தில் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் வளர்ந்தார். 1880-இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, அவருடைய பரிந்துரையால் அந்தத் தமிழாசிரியர் பதவியை ஏற்றார். அப்போது அவருக்கு வயது 25. தமிழில் படிக்கவேண்டியதையெல்லாம் படித்துவிட்டதாக எவரும் எண்ணக்கூடிய நிலை அது.

அந்த ஆண்டு அக்டோபர் மாதத்தில்தான் அவருடைய வாழ்க்கை திரும்பியது. கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல் படித்தீர் என்று முதலியார் கேட்க, ஐயர் வரிசையாகச் சொன்னார். முதலியார் முகத்தில் வியப்பே இல்லை. இவையெல்லாம் பிற்கால நூல்கள். இவற்றுக்கு முன்னே உள்ள பழைய நூல்களை, சீவக சிந்தாமணியை, படித்ததுண்டா என்று அவர் கேட்டார். ஐயருக்கு அந்நூல் படித்துப் பழக்கமில்லை. சில நாட்களில் முதலியாரிடமிருந்து சிந்தாமணி அவர் கைக்கு வந்தது. பிரித்துப் பார்த்தால், தமிழ்தான். ஆனால் பல இடங்களில் பொருள் புரியாத தமிழ்!

சிந்தாமணி சமண காவியம். அதில் வரும் சமயச் சொற்களுக்கு விளக்கம் சொல்ல, அவர் பழகிய புலவர் உலகில் எவரும் இல்லை. வேறொருவராக இருந்தால் தெரிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு தெரியாததைத் தாண்டிப் போயிருப்பார். ஐயர் அவ்வாறு செய்யவில்லை. கும்பகோணத்திலேயே சமணக் குடும்பங்கள் வாழ்கின்றன என்று அறிந்து, அவர்கள் வீட்டுக்கு நடந்தார். அங்கே வாயிலில் விழாக் கோலம். என்ன விசேஷம் என்று விசாரித்தபோது, சிந்தாமணியைப் படித்து நிறைவு செய்த நாள் அது என்றார்கள். புலவர்கள் மறந்துவிட்ட காவியம், அந்த வீடுகளில் பாராயண நூலாக வாழ்ந்துகொண்டிருந்தது! அன்றுமுதல் அவர் அவர்களிடம் மாணவரானார். சைவ மடத்தில் வளர்ந்த வைதிகக் குடும்பத்துப் பிள்ளை, கல்லூரி ஆசிரியர், சமணர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சந்தேகம் கேட்டார். அது 1880-களின் கும்பகோணம் என்பதை நினைவிற் கொண்டால்தான் அந்தச் செயலின் பெருமை விளங்கும்.

சமயச் சொற்கள் ஒருவாறு தெளிந்தன. ஆனால் இடையன் எறிந்த மரத்துக்குச் சமணர் வீட்டிலும் விடை இல்லை. அது சமயச் சொல் அன்று, காட்டுச் சொல், ஆடு மேய்ப்பவனுடைய தொழிலில் பிறந்த சொல். அதன் பொருள் எந்த மடத்திலும் இல்லை, எந்த நிகண்டிலும் அவருக்கு அகப்படவில்லை. பல நாள் விளங்காமல் இருந்த அந்த உவமை, நாட்டுப்புறத்தில் ஆட்டுக்குத் தழை வெட்டும் முறையைத் தெரிந்துகொண்டபோது ஒரு நொடியில் விளங்கிவிட்டது. இதைப் பின்னாளில் அவர் ஒரு தனிக் கட்டுரையாகவே எழுதிவைத்தார்.

அந்த முறை இதுதான். ஆட்டு மந்தையை ஓட்டிச் செல்லும் இடையன், ஆடுகளுக்கு எட்டாத உயரத்தில் உள்ள கிளையை அரிவாளால் வெட்டுவான். ஆனால் முழுதும் துண்டாகும்படி வெட்டமாட்டான். பாதிக்குமேல் வெட்டி, பட்டையும் கொஞ்சம் கட்டையும் ஒட்டிக்கொண்டிருக்கும்படி விட்டு, கிளையைத் தாழ வளைத்துவிடுவான். கிளை தொங்கும், ஆடுகள் தழையைத் தின்னும், கிளை சாகாது. சில நாளில் மீண்டும் துளிர்க்கும்; மறுமுறை வரும்போதும் மந்தைக்கு இரை இருக்கும். இடையன் வெட்டு முழுதும் அறாத வெட்டு என்று நாட்டுப்புறத்தார் பழமொழியாகவே சொல்வதுண்டு. அந்த மரம் செத்ததும் அன்று. முன்போல் நிமிர்ந்து வாழ்வதும் அன்று. இரண்டுக்கும் இடையே நிற்பது. அந்த நடுநிலையைத்தான் புலவர் உவமையாக எடுத்தார். பழமொழி நானூற்றிலும் இதே மரம் இடம் பெற்றிருக்கிறது. ஆக, இது ஒரு புலவரின் தனிக் கற்பனை அன்று. மக்கள் வாயில் வழங்கிப் பாட்டில் ஏறிய வழக்கு.

இப்போது எறி என்னும் சொல்லுக்கு வருவோம். பழந்தமிழில் எறிதல் என்பதற்கு வீசுதல் மட்டும் பொருள் அன்று, வெட்டுதலும் பொருள். புறநானூற்றுப் போர்க்களத்தில் வீரன் யானையை எறிந்தான் என்றால், யானையைத் தூக்கி வீசினான் என்பது கருத்தன்று. வாளால் வெட்டி வீழ்த்தினான் என்பதே கருத்து. முரசு எறிதல், பறை எறிதல் என்றால் அறைதல். நம்மில் பலர் அறிந்த எறிபத்த நாயனாரை நினைத்துக்கொள்ளுங்கள். கருவூரில் சிவகாமியாண்டார் இறைவனுக்குக் கொண்டுசென்ற பூவைப் பட்டத்து யானை சிதறியபோது, அந்த யானையையும் பாகரையும் மழுவால் வெட்டியவர் அவர். அவர் பெயரில் இருக்கும் எறி இந்த வெட்டுதல்தான். பெயரை நாம் காப்பாற்றிக்கொண்டோம், பொருளைத் தொலைத்துவிட்டோம்.

நான் தாவரவியல் மாணவன். ஆதலால் அந்த இடையனுடைய அரிவாளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. மரத்தின் வேர் உறிஞ்சும் நீர், கட்டையில் உள்ள சைலம் என்னும் நுண்குழாய்கள் வழியாக மேலே ஏறுகிறது. இலை சமைக்கும் உணவு, பட்டையின் உட்புறத்தில் உள்ள புளோயம் வழியாகக் கீழே இறங்குகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே கேம்பியம் என்னும் மெல்லிய வளர்படை இருக்கிறது. கிளையை முற்றும் துண்டித்தால் இந்த மூன்றும் ஒருங்கே அறுபடும். தழை அன்றே வாடும். ஒரு பட்டை அளவு ஒட்டியிருந்தாலோ, அந்தக் குறுகிய வழியே நீரும் உணவும் போய்வரும். தழை பசுமை மாறாது. மேலும், நுனி தாழ்ந்து வளைந்துவிட்டபடியால், நுனியிலிருந்து வரும் ஆக்சின் என்னும் ஊக்கி பக்க மொட்டுகளை அடக்கிவைக்கும் ஆற்றல் குறைகிறது. உறங்கிக் கிடந்த மொட்டுகள் விழிக்கின்றன. இங்கிலாந்தில் உயிர்வேலி அமைப்பவர்களும் இவ்வாறே செடித்தண்டைப் பெரும்பாலும் வெட்டிச் சாய்த்து, ஒட்டிய பட்டையால் அதை வாழவைப்பது வழக்கம். படிப்பறியாத இடையன் என்று நாம் சொல்லிவிடுகிறோம். அவன் கையில் இருந்தது படிப்பு அல்லாமல் வேறென்ன?

ஐயரின் சிந்தாமணிப் பதிப்பு 1887-இல் வெளிவந்தது. அதன்பின் 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என்று ஒவ்வொன்றாக வந்தன. ஏட்டுக்காக அவர் பட்ட பாடு நாடறிந்தது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுச் சென்றபோது, அவற்றை நெய்யில் தோய்த்து நெருப்பில் ஆகுதி செய்துவிட்டதாகச் சொன்னார்கள். ஆழ்வார்திருநகரியில் கவிராயர் வீடுகளில் தேடியபோது, கைவிட்ட நேரத்தில் பத்துப்பாட்டு ஏடு கிடைத்தது. குறிஞ்சிப்பாட்டில் பூக்களின் பெயர்கள் விடுபட்டிருந்தன. அந்தப் பகுதி தருமபுரம் மடத்து ஏட்டில் அகப்பட்டது. இதே காலத்தில் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளையும் 1887-இல் கலித்தொகையை அச்சேற்றினார். ஒருவர் இருவராக நின்று அவர்கள் ஓர் இலக்கியத்தையே மீட்டார்கள்.

எனினும், மீட்டுக் கொண்டுவந்த ஏட்டை மக்களுக்குப் புரியும்படி செய்தால்தான் மீட்சி முழுமை பெறும். அதற்கு ஐயர் வைத்திருந்த முறை, விஞ்ஞான மாணவனாகிய என் உள்ளத்தைக் கவர்ந்தது. ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாதபோது, பழைய உரை என்ன சொல்கிறது, வேறு நூலில் அச்சொல் எவ்வாறு வருகிறது, இன்று வாழும் மக்கள் அதை எங்கேனும் வழங்குகிறார்களா என்று மூன்று சாட்சிகளையும் அவர் விசாரித்தார். ஓலையில் எழுதியவர் பெரியவர், வாயால் சொல்பவர் சிறியவர் என்று அவர் வேறுபாடு பாராட்டவில்லை. தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று நிறுத்தவும் அவர் அஞ்சவில்லை.

இந்த நோக்கு தமிழுக்குப் புதியதும் அன்று. தொல்காப்பியர் செய்யுளுக்கு உரிய சொற்களை நான்காக வகுத்தபோது, இயற்சொல், திரிசொல், வடசொல் ஆகியவற்றோடு திசைச்சொல்லுக்கும் இடம் கொடுத்தார். நாட்டுக்கு நாடு வேறுபடும் பேச்சுச் சொல் பாட்டுக்குள் வரலாம் என்று இலக்கணமே கதவைத் திறந்துவைத்தது. உரைகாரர்கள் அதற்கு எடுத்துக்காட்டும் தந்தார்கள். தென்பாண்டி நாட்டார் பசுவைப் பெற்றம் என்பர்; குட்டநாட்டார் தாயைத் தள்ளை என்பர்; குடநாட்டார் தந்தையை அச்சன் என்பர்; அருவா நாட்டார் சிறுகுளத்தைக் கேணி என்பர். இவற்றில் அச்சன் இன்றும் மலையாள வீடுகளில் ஒலிக்கிறது. தள்ளை என்பதும் மலையாளத்தில் தள்ள என்று வாழ்கிறது. ஆனால் பண்டைய மதிப்பு போய், இன்று சொன்னால் மரியாதைக் குறைவாகிவிடும் நிலைக்கு வந்திருக்கிறது. கேணி என்றால் இன்று பலருக்குக் கிணறுதான் நினைவுக்கு வரும். ஆனால் அல்லி பூத்த குளத்தால் பெயர் பெற்ற திருவல்லிக்கேணி, அருவா நாட்டார் சொன்ன பழைய பொருளை இன்றும் சுமந்து நிற்கிறது. ஐயர் 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி வந்து குடியேறியதும் அந்தத் திருவல்லிக்கேணியில்தான். தியாகராச செட்டியாரின் நினைவாகத் தம் இல்லத்துக்குத் தியாகராச விலாசம் என்று பெயர் வைத்தார்.

1906-இல் அரசு அவருக்கு மகாமகோபாத்தியாயர் பட்டம் அளித்தது. 1919-இல் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பெயருக்குத்தான். 1924-இல் பெருங்கதை, 1937-இல், 82-ஆம் வயதில், குறுந்தொகை. நடுவே 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கிப் பெருமை கொண்டது. தம் ஆசிரியரின் வாழ்க்கையை இரண்டு பாகங்களாக எழுதினார். 1940-இல் தம் வரலாற்றை ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதத் தொடங்கினார், அது முடியவில்லை. போர்க்காலத்தில் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றத்தில் தங்கியிருந்தபோது, 1942 ஏப்ரல் 28-ஆம் நாள் மறைந்தார். அடுத்த ஆண்டிலேயே அவர் பெயரால் நூல்நிலையம் ஒன்று சென்னையில் தோன்றியது. அவர் தேடிச் சேர்த்த ஏடுகள் இன்றும் பெசன்ட் நகரில் அங்கே இருக்கின்றன. விடுமுறையில் சென்னை செல்லும் அன்பர்கள் ஒருமுறையேனும் அதைக் காணவேண்டும்.

இனி நம்மைப் பற்றிச் சில சொற்கள். தமிழகத்துக்கு வெளியே, இந்தப் பல்கலைக்கழக விடுதியில், நெல்லையார் இருக்கிறார்; கொங்கு நாட்டார் இருக்கிறார்; தஞ்சையார், சென்னையார், பாலக்காட்டார் இருக்கிறார்கள். என்போல், வேற்று மாநில நகரத்தில் வளர்ந்து வீட்டில் மட்டும் தமிழ் பேசியவர்களும் இருக்கிறார்கள். ஒருவர் பேச்சைக் கேட்டு மற்றவர் நகைப்பது நம் மாலைப் பொழுதின் விளையாட்டாக இருக்கிறது. விளையாட்டுத்தான், பகை இல்லை. ஆனால் அதன் விளைவு என்ன? இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் எல்லோரும் ஒரே வகையான, மணமற்ற, பாதி ஆங்கிலம் கலந்த பேச்சுக்கு வந்துவிடுகிறோம். ஊரிலிருந்து கொண்டுவந்த சொல்லை வெட்கப்பட்டு மூட்டை கட்டிவிடுகிறோம். அந்த மூட்டைக்குள் எந்தப் பழம்பாட்டின் திறவுகோல் கிடக்கிறதோ, யார் கண்டார்?

ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்களில் தமிழ் எந்த வரிசையில் கரைகிறது என்பதை நான் கவனித்திருக்கிறேன். அடுக்களைச் சொற்கள் நம்மோடு இரயில் ஏறி வந்துவிட்டன. அம்மியும் ஆட்டுக்கல்லும் வீட்டில் இல்லாவிட்டாலும் பெயர் இருக்கிறது. உறவுப் பெயர்களும் வந்துவிட்டன. வராமல் வரப்பிலேயே நின்றுவிட்டவை தொழிற்சொற்கள். ஏர் ஓட்டுபவனின் சொல், வலை வீசுபவனின் சொல், ஆடு மேய்ப்பவனின் சொல். இவை யாரும் வெறுத்து ஒதுக்கியதால் அழிவதில்லை. அந்தத் தொழிலைப் பார்க்கும் தொலைவில் நாம் இல்லாமல் போனதால் அழிகின்றன. சிந்தாமணியில் தடை செய்து நின்றதும் இத்தகைய ஒரு தொழிற்சொல்தானே!

ஆகவே நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு விழா, ஒரு பட்டிமன்றம், ஒரு மலர் என்பதோடு நில்லாமல், மன்ற அறையில் ஒரு தடித்த குறிப்பேடு வைப்போம். விடுமுறைக்குச் சென்று திரும்பும் ஒவ்வொருவரும் தம் ஊரிலிருந்து 10 சொற்களைக் கேட்டு வந்து அதில் எழுதட்டும். பாட்டனாரிடம் கேட்கலாம், தச்சரிடம் கேட்கலாம், மாடு மேய்ப்பவரிடம் கேட்கலாம். சொல், பொருள், சொன்னவரின் ஊர், தொழில் ஆகியவை போதும். சொல்பவர் சொன்னபடியே எழுதவேண்டும். இலக்கணத் தமிழாகத் திருத்தி எழுதக் கூடாது. கைப்பேசியில் குரலைப் பதிந்துகொள்ளும் வசதி இன்று நமக்கு இருக்கிறது. மாட்டு வண்டியிலும் இரயிலிலும் அலைந்த ஐயருக்கு அது இல்லை. 100 மாணவர் இருந்தால் ஓர் ஆண்டில் 1000 சொற்கள் சேரும். அவற்றில் 999 சொற்கள் முன்பே அகராதியில் இருப்பனவாகவே இருக்கட்டும். மீதி ஒன்று கிடைத்தாலும் உழைப்பு வீண் அன்று.

நாமும் ஒருவகையில் அந்த இடையன் வெட்டிய கிளைகளே. பிறந்த மரத்திலிருந்து வளைந்து, வேறு திசையில் தொங்குகிறோம். ஆனால் அறுபட்டுவிடவில்லை. ஒட்டியிருக்கும் அந்தப் பட்டை அகலமாக இருக்கவேண்டிய தேவை இல்லை. உயிரோடு இருந்தால் போதும். அதன் வழியே நீர் வரும் வரையில் தழை பசுமையாகவே இருக்கும். அந்தப் பட்டையைக் காப்பது நம் கையில்தான் இருக்கிறது. வரும் விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்களே, திரும்பும்போது முறுக்கோடும் ஊறுகாயோடும் 10 சொற்களையும் கட்டிக்கொண்டு வாருங்கள்.